குளவிக்காக நகர்ந்த மூட்டைகள்

மக்காச்சோள வியாபாரியை அந்தக் கடைத்தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பம்பரம் என்றால்தான் தெரியும். தராசுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் கிடங்குக்கும் நடந்துகொண்டே டீ குடிப்பார். நடந்துகொண்டே விலை பேசுவார். அவர் உட்கார்ந்து பார்த்தவர் முடிவெட்டுகிறவர் ஒருவர்தான். அவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கத்தியை எடுப்பார்.

அப்படிப்பட்ட மனிதர் அன்று காலை கிடங்குக்குள் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டார்.

மூட்டையைப் பிரிக்காமல் மாதிரி எடுக்கிற குத்தூசியைச் செருகி இழுத்தபோது சோளம் பொலபொலவென்று உதிரவில்லை. நூலில் கோத்த மாதிரி ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கொத்தாக வந்தது. கொத்துக்குள்ளிருந்து சாம்பல் நிற அந்துப்பூச்சி ஒன்று எழுந்து, சாவகாசமாக ஒரு சுற்று சுற்றி, பங்குதாரர் மாதிரி அவர் சட்டைப் பையின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

அடுத்த மூட்டையில் குத்தினார். அதிலும் நூல். அதற்கடுத்தது சுத்தம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் பக்கத்து மூட்டையிலிருந்து இன்னும் இரண்டு பறந்தன.

வார முடிவில் கோழித்தீவன ஆலையிலிருந்து சரக்குப் பார்க்க ஆள் வருகிறான். அந்த ஆளோடு விலையில் மல்லுக்கட்டலாம். ஈரம் கொஞ்சம் கூட இருந்தால்கூடத் தோளில் கை போட்டுச் சமாளிக்கலாம். உயிரோடு ஒரு பூச்சியைப் பார்த்தால் மட்டும் லாரியைத் திருப்பிவிடுவான். திரும்பிப் போகிற வழியெல்லாம் டீக்கடைக்கு டீக்கடை நிறுத்தி, இன்னார் கிடங்கில் இன்ன பூச்சி என்று சொல்லிக்கொண்டும் போவான். சரக்கு போனால் அடுத்த சரக்கு வரும். சந்தையில் பேர் போனால் அதைத் தேடிக்கொண்டு எந்த லாரியில் போவது?

பம்பரம் மாத்திரைக்காரருக்குப் போன் போட்டார்.

மாத்திரைக்காரர் என்றால் டாக்டர் இல்லை. கிடங்குகளுக்கு விஷப்புகை வைக்கிறவர். மூட்டைகளின் மேல் கனத்த தார்ப்பாய் போர்த்தி, உள்ளே மாத்திரைகளை வைத்து, கதவிடுக்கையெல்லாம் ஒட்டி மூடிவிட்டுப் போவார். நாலைந்து நாளில் உள்ளே அசைகிறது எதுவும் இருக்காது. பன்னிரண்டு மணி வெயிலில் சரக்கு ஆட்டோவில் தார்ப்பாயோடு வந்து இறங்கினார். கிடங்கை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தவர், பின்சுவர் கூரையைத் தொடாமல் ஒரு முழம் கீழேயே நின்றுவிட்டதைக் கவனித்தார்.

"அந்தப் பக்கம் என்னங்க?"

"என் கொழுந்தியாளோட அறை. பூச்சி வளக்குது."

"பூச்சியா? என்ன பூச்சி?"

"குளவி."

மாத்திரைக்காரர் ஓரடி பின்னால் போனார்.

"அட, கொட்டாதுங்க! மிளகுத்தூள்ல பாதிகூட இருக்காது. கண்ணாடி போட்டுப் பாத்தாக்கூட பூச்சியா தூசியான்னு தெரியாது."

"கொட்டுதோ கொஞ்சுதோ, அது உங்க பாடு. நான் மூடின பிறகு அந்தப் பக்கம் மூச்சு விடுறது எதுவும் இருக்கக் கூடாது. புகை மேல ஏறி அந்த இடைவெளி வழியா போகும். போனா குளவிக்கும் அதே கதிதான், உங்க கொழுந்தியாளுக்கும் அதே கதிதான். அறையக் காலி பண்ணச் சொல்லுங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டு நான் அடுத்த ஊருக்குப் போயாகணும்."

கொழுந்தியாளுக்கு அந்தப் பின்னறையை வாடகை இல்லாமல் கொடுத்ததில் பம்பரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. அவர் கணக்கில்லாமல் தும்மக்கூட மாட்டார். போன வருடம் படைப்புழு வந்து, வட்டாரத்துச் சோளத்தையெல்லாம் குருத்திலேயே குடைந்து தள்ளியது. விவசாயிகள் பூச்சிமருந்துக் கடையில் இருந்த புட்டி ஒவ்வொன்றாக வாங்கி அடித்துப் பார்த்தார்கள். புழு குருத்துக்குள் சுகமாக இருந்தது. செத்ததெல்லாம் தேனீயும் தவளையும்தான். அறுவடைக் காலத்தில் பம்பரத்தின் கிடங்கில் இருமினால் எதிரொலி கேட்டது. அந்தக் காலிக் கிடங்குக்குள் அவர் நடந்த நடையை ரோட்டில் நடந்திருந்தால் தலைநகரத்தைத் தாண்டியிருப்பார்.

அப்போதுதான் பூச்சியைப் பற்றிப் படித்துவிட்டு ஓர் ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்த கொழுந்தியாள் வந்து சேர்ந்தாள். படைப்புழுவின் முட்டைக்குள் தன் முட்டையை வைத்துவிடுகிற பொடிக்குளவி ஒன்று உண்டு. அது உள்ளே வளர்கிற முட்டைகளை அட்டையில் ஒட்டி வயலில் கட்டினால் புழு பிறக்கவே பிறக்காது. வளர்க்க ஓர் அறை கிடைத்தால் போதும் என்றாள்.

"அறைதான? எடுத்துக்கோ" என்றார் பம்பரம். "ஆனா ஒன்னு. அட்டை வாங்கற எவனும் சோளத்த என் தராசுக்குத்தான் கொண்டு வரணும்."

"பூச்சிக்குக்கூடத் தரகா அத்தான்?" என்று அவள் முகம் சுளித்தாள். ஆனால் வேறு அறை கொடுப்பார் யாருமில்லை. அடுத்த போகத்தில் பாதி விளைச்சலையாவது அட்டை காப்பாற்றியது. இந்த வருடம் சோளம் விளைகிற மேட்டுக்காடு மொத்தமும் அட்டைக்கு வரிசையில் நின்றது. மேட்டுக்காடு மொத்தமும் பம்பரத்தின் பைக்குள் வந்துவிட்டது. அதே தெருவில் சோளம் வாங்குகிற எதிர்க்கடைக்காரரின் கிடங்கில் மட்டும் இன்னும் எதிரொலிதான்.

இவ்வளவு லாபம் தந்த அறைக்குள் பம்பரம் ஒருநாளும் காலடி வைத்ததில்லை. கொட்டாது, கொட்டாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவர், வாசற்படியில் நின்று உடைசல் சோள மூட்டையைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவார். அன்றைக்கு வேறு வழியில்லை. காதைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

சுவரோரம் தரையிலிருந்து கூரை வரை இரும்பு அடுக்குகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைத் துணி மூடிய தட்டுகள். ஒரு மூலையில் கொசுவலை கட்டிய பெரிய கூண்டு. கூண்டுக்குள் பார்த்ததும் பம்பரத்தின் கை காதிலிருந்து தானாக இறங்கியது.

"இது என்னம்மா?"

மேசையில் அட்டைகளை எண்ணிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்த கொழுந்தியாள் நிமிர்ந்தாள். "எது அத்தான்?"

"இந்த வலைக்குள்ள குடும்பம் குடும்பமா பறக்குதே, அது."

"அந்துப்பூச்சி."

"குளவின்னு சொன்ன?"

"குளவி பிறக்க முட்டை வேணாமா? அந்துப்பூச்சி முட்டையிலதான் குளவி வளரும். அந்துப்பூச்சி உடைசல் சோளத்துல வளரும். நீங்கதான மூட்டை மூட்டையா குடுத்தீங்க?"

"குளவிக்குத் தீனின்னு குடுத்தேன்!"

"குளவி சோளம் தின்னுமா அத்தான்? எத்தனை வருஷமா இந்த வியாபாரம் பண்றீங்க?"

"தின்னா என்ன, திங்காட்டி என்ன? வாங்கறவன் என்ன பண்றான்னு கேக்கற வழக்கம் எனக்கில்ல" என்றார் பம்பரம். அதற்குள் அடுக்குகளுக்கு நடுவே நடக்க ஆரம்பித்திருந்தார். "இப்பல்ல புரியுது! என் பணத்துல, என் அறையில, என் சோளத்தப் போட்டு என் எதிரியவே வளத்துவிட்டிருக்க. சுவரேறிக் குதிச்சு என் மூட்டைக்குள்ள வந்து உக்காந்திருக்கு உன் பூச்சி!"

"என் பூச்சியா?" அவளுக்கும் குரல் ஏறியது. "நான் முதல் பூச்சிய எங்க பிடிச்சேன்னு கேளுங்க. உங்க கிடங்குல, கடைசி வரிசை மூட்டைக்குப் பின்னாடி. அக்காதான் டார்ச் அடிச்சாங்க."

"உங்க அக்காவுமா இதுல கூட்டு?"

"இதெல்லாம் உங்க பூச்சியோட பேரன் பேத்திங்க அத்தான். தாத்தா வீட்டுக்குப் போயிருக்கு, அவ்வளவுதான்."

வியாபாரத்தில் எத்தனையோ பொருளுக்கு உரிமை கொண்டாடிச் சண்டை போட்டிருக்கிறார் பம்பரம். ஒரு பொருள் தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கச் சண்டை போடுவது இதுதான் முதல் தடவை. அதிலும் தோற்றுவிட்டார். மாத்திரைக்காரர் வந்திருப்பதையும் சாயங்காலத்துக்குள் அறை காலியாக வேண்டியதையும் சொன்னார். கொழுந்தியாளின் முகத்திலிருந்த கேலி அணைந்துபோனது.

"அட்டைய கூடையில தூக்கிக்கிட்டு இப்பவே கிளம்பிடுவேன்" என்றாள். "சாயங்காலம் மேட்டுக்காட்டு அக்கா வாங்க வர்றாங்க. வயல்ல படைப்புழுவோட முட்டைக் குவியல் இலையில தெரிய ஆரம்பிச்சிருச்சாம். ஆனா ஒரு தடவை கட்டினா ஆச்சா? கதிர் விடுற வரைக்கும் வாராவாரம் கட்டணும். அடுத்த வாரத்து அட்டை இந்தத் தட்டுல இருக்கு. அதுக்கடுத்த வாரம் அதோ அந்தத் தட்டுல. இதெல்லாம் செத்தா, மறுபடி முதல்லேர்ந்து வளத்துக் கொண்டு வர்றதுக்குள்ள புழு குருத்துக்குள்ள குடி வந்துடும். போன வருஷம்தான் திரும்பி வரும் அத்தான்."

போன வருஷம் என்ற சொல் பம்பரத்தின் காதில் கிடங்கின் எதிரொலியோடு விழுந்தது.

இன்று புகை வைத்தால் இருக்கிற சோளம் பிழைக்கும், வருகிற சோளம் போகும். வைக்காவிட்டால் வருகிற சோளம் பிழைக்கும், இருக்கிற சோளமும் பேரும் போகும். பம்பரம் வாசலுக்கு வந்தார். கிடங்குக்குப் போனார். திரும்பப் பின்னறைக்கு வந்தார். தட்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று மனைவிக்குப் போன் செய்தார்.

"ஏங்க, பூச்சி இந்த வீட்டுல இருக்கலாம், இல்ல நான் இருக்கலாம்" என்றது போன். "எது வசதின்னு நீங்களே பாத்துக்குங்க."

"டார்ச் அடிக்கும்போது மட்டும் வசதியா இருந்துச்சாக்கும்?" என்று கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

மாத்திரைக்காரரிடம் வந்து, பாதி மாத்திரை வைத்தால் என்ன என்று பேரத்தை ஆரம்பித்தார்.

"விஷத்துலயுமா பேரம்? பாதி செத்த பூச்சிய யாருக்கு விப்பீங்க?"

"மூட்டைய தெருவுல அடுக்கி அங்க போர்த்தினா?"

"பக்கத்துல டீக்கடை. டீ குடிக்க வந்தவனெல்லாம் ஒரேயடியாப் போய்ச் சேர்ந்துடுவான்." மாத்திரைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பூச்சிய நகத்த முடியாதுன்னா மூட்டைய நகத்துங்க. எதிர்க் கிடங்கு தனியா நிக்குது, நாலு பக்கமும் நல்ல சுவர், காலியா வேற கிடக்கு. அங்க வெச்சா நான் நிம்மதியா மூடிட்டுப் போவேன்."

சுமை தூக்குகிறவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்க்கடைக்காரரும் பம்பரமும் பேசிக்கொள்ளாமல் வருடக்கணக்காகிறது. ஒருவர் வாடிக்கையாளரை ஒருவர் இழுத்துக்கொண்டார் என்று ஆரம்பித்த சண்டை. யார் யாரை இழுத்தார்கள் என்பது இருவருக்குமே இப்போது ஞாபகமில்லை. பேசாமல் இருப்பதை மட்டும் மறக்காமல் செய்துவந்தார்கள். இப்போது அங்கே போய் நின்றால், என் சரக்கில் பூச்சி என்று தன் வாயாலேயே சொல்ல வேண்டும்.

பம்பரம் தெருவின் பாதி வரை போனார். திரும்பி வந்தார். ஆட்டோக்காரர் சாவியைத் திருகி என்ஜினை ஒரு உறுமு உறுமவைத்தார். பம்பரம் ஒரே ஓட்டமாகத் தெருவைத் தாண்டினார்.

எதிர்க்கடைக்காரர் மர நாற்காலியில் சாய்ந்து, தீக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தார். அவர் எவ்வளவுக்கெவ்வளவு அசையாதவரோ அவ்வளவுக்கவ்வளவு பேசாதவர். அவரிடம் விலை கேட்டவர்கள் பதிலுக்குக் காத்திருந்து, சலித்து, தாங்களே ஒரு விலை சொல்லி, அதையும் தாங்களே ஏற்றிவிட்டுப் போவார்கள்.

"சும்மாதான், இந்தப் பக்கமா வந்தேன்" என்றார் பம்பரம்.

தீக்குச்சி ஒரு சுற்றுச் சுற்றியது.

"கிடங்கு காலியா இருக்கு போல. எலி தொல்லை இருக்கும்ல? என் மூட்டைய நாலஞ்சு நாள் இங்க போட்டு, உங்க கிடங்கையும் சேத்து சுத்தம் பண்ணிக் குடுத்துடலாம்னு பாத்தேன். உங்க நல்லதுக்குத்தான்."

எதிர்க்கடைக்காரர் தீக்குச்சியின் நுனியைப் பார்த்தார்.

"வாடகை தந்துடறேன்."

பேசுகிற ஆளை மடக்குவது பம்பரத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. பேசாத ஆளின் முன்னால் அவர் கால் நிற்கவில்லை. கால் நிற்காதபோது வாயும் நிற்காது. நாற்காலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தார்.

"வழக்கமான வாடகைக்கு மேலயே தரேன். கதவுக்கு வர்ணம் அடிச்சுத் தரேன்."

தீக்குச்சி மறுகாதுக்கு மாறியது. வெளியே ஆட்டோ மறுபடி உறுமியது.

"சரி, மனுஷனுக்கு மனுஷன் உதவிதான? மேட்டுக்காட்டுச் சோளம் வருதுல்ல, அதுல கால் பங்கு உங்க தராசுக்கு விட்டுக் குடுத்துடறேன்."

எதிர்க்கடைக்காரரின் புருவம் லேசாக உயர்ந்தது. ஆச்சரியத்தில் உயர்ந்த புருவத்தைப் பம்பரம் அதிருப்தி என்று எடுத்துக்கொண்டார்.

"பாதி! பாதிச் சோளம். இதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்ல. பேசித் தொலைங்களேன்யா!"

எதிர்க்கடைக்காரர் தீக்குச்சியைக் கீழே போட்டார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

"வாடகைக்கே குடுத்திருப்பேன்" என்றார். "நீங்க நிறுத்தல."

அதற்குப் பிறகு தெரு அமளிதுமளிப்பட்டது. மூட்டைகள் முதுகேறித் தெருவைக் கடந்தன. போகிற சைக்கிளும் வருகிற வண்டியும் நின்று வழிவிட்டன. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வேடிக்கை பார்த்தார்கள். "என்ன பம்பரம், கடை மாறுதா?" என்று ஒரு குரல். "சம்பந்தம் பேசி முடிச்சுட்டாங்களாம், சீர் போகுது" என்று இன்னொரு குரல். பம்பரம் எதற்கும் பதில் சொல்லாமல் ஒவ்வொரு மூட்டையோடும் அந்தப் பக்கம் போய், ஒவ்வொரு மூட்டைக்காகவும் இந்தப் பக்கம் வந்தார். வாடகைக்கே குடுத்திருப்பேன் என்ற வார்த்தை செருப்புக்குள் கிடந்த கல் மாதிரி அவர் கூடவே நடந்தது. கொழுந்தியாள் ஏணி போட்டு, இனி அந்துப்பூச்சி தாண்டாதபடி சுவருக்கும் கூரைக்கும் நடுவே கொசுவலையை இழுத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசி மூட்டை போய், மாத்திரைக்காரர் எதிர்க் கிடங்கின் கதவிடுக்குகளை ஒட்டிக்கொண்டிருந்தபோது மேட்டுக்காட்டு அக்கா பஸ்ஸில் வந்து இறங்கினார். மேட்டுக்காட்டில் சோளம் போட்டவர்களுக்கெல்லாம் அவர்தான் வாய். அட்டை வாங்குவதும் அவர்தான், எடையில் குறைந்தால் சண்டைக்கு வருவதும் அவர்தான்.

"பொழுது சாயற நேரத்துல கட்டணும், எறும்பு ஏறாத மாதிரி இலைக்கு அடியில" என்று கொழுந்தியாள் கூடையை நீட்டினாள். "பக்கத்து வயல்ல யாரும் மருந்து அடிக்காம பாத்துக்குங்க அக்கா. அடிச்சா முதல்ல சாகறது இதுதான்."

"அடிக்க மாட்டான், நான் பாத்துக்கறேன். அது கிடக்கட்டும், மூட்டையெல்லாம் அந்தக் கடைக்குப் போயிருச்சாமே, ஏன்?"

பம்பரம் தொண்டையைச் செருமினார். பூச்சி என்று சொல்லலாமா, மராமத்து என்று சொல்லலாமா என்று அவர் தேடுவதற்குள், எதிரே நாற்காலியில் இருந்து ஒரு குரல் வந்தது. வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர், அன்றைக்கு மட்டும் இரண்டாவது தடவையாக வாய் திறந்தார்.

"இனிமே மேட்டுக்காட்டுச் சோளத்துல பாதி எனக்கு."

அக்கா கூடையைக் கீழே வைத்தார். "யாரோட சோளம்?"

எதிர்க்கடைக்காரர் கீழே போட்ட தீக்குச்சியைத் தேடினார்.

"இல்ல, தெரியாமத்தான் கேக்கறேன். உழுதது நாங்க, களையெடுத்தது நாங்க, வாராவாரம் அட்டை கட்டறது நாங்க. முழங்கால் உயரம்கூட வரல, அதுக்குள்ள ரெண்டு பேரும் தெருவுல நின்னு பங்கு போட்டுக்கிட்டீங்களா?"

"உங்க நல்லதுக்குத்தான் அக்கா" என்றார் பம்பரம். "இல்லன்னா அந்த அறையில ஒரு பூச்சி மிஞ்சாது. வயல் மொத்தமும் போயிருக்கும். நான் என் பேரையே தெருவுல போட்டு உடைச்சுட்டு..."

"அது சரி, அதுக்கு நன்றி. ஆனா அட்டை வாங்கினா உங்க தராசுக்கு மட்டும்தான்னு ஒரு பேச்சு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சு" என்றாள் கொழுந்தியாள், சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டே. "இப்ப பாதி அந்தத் தராசுன்னு அத்தானே சொல்லிட்டாங்க."

அக்கா பம்பரத்தைப் பார்த்தார். எதிர்க்கடைக்காரரைப் பார்த்தார். அக்காவின் முகத்தில் கோபம் மெல்லக் கரைந்து, வேறு ஏதோ கணக்கு ஓட ஆரம்பித்தது. அந்தப் பார்வை பம்பரத்துக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

"எந்தப் பாதி இவருக்கு, எந்தப் பாதி அவருக்கு?"

"அது... நாங்க உக்காந்து பேசி..."

"நீங்க என்னைக்கு உக்காந்தீங்க? அவர் என்னைக்குப் பேசினாரு?" அக்கா சிரித்துவிட்டார். "நாங்களே முடிவு பண்ணிக்கறோம். கதிர் முத்தினதும் ரெண்டு பேரும் வயலுக்கு வாங்க. யார் கூடுதலா விலை சொல்றாங்களோ, அவருக்கு ஒரு பாதி. இன்னொரு பாதிக்கும் அதே மாதிரி."

எதிர்க்கடைக்காரர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இதுவரை பேசாமலே ஜெயித்தவருக்கு, இனிமேல் வயல் வரப்பில் நின்று சத்தம் போட்டு விலை கேட்க வேண்டியிருக்குமே என்ற கவலை அப்போதுதான் தட்டியிருக்க வேண்டும். பம்பரத்துக்கு அந்தக் கவலையைப் பார்த்துச் சந்தோஷப்படக்கூட நேரமில்லை. தன் பைக்குள் பத்திரமாக முடிந்து வைத்திருந்த மேட்டுக்காட்டைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டிருந்தார்.

பஸ் ஹாரன் அடித்தது. அக்கா கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தார். கூடையில் எள் தூவிய மாதிரிக் கருத்த அட்டைகள் வரிசையாக இருந்தன, அசைவே இல்லை. உள்ளே உயிர் இருக்கிறதா இல்லையா என்றுகூடப் பார்த்துச் சொல்ல முடியாத இந்தப் பொடிக்காகவா இவ்வளவும் என்று பம்பரம் எட்டிப் பார்த்தார். பஸ் வரை அக்காவின் பின்னாலேயே ஓடினார்.

"அக்கா, அடுத்த வாரமும் வருவீங்கல்ல?"

அப்படி ஒரு கேள்வியை அவர் யாரிடமும் கேட்டதில்லை. வராமல் எங்கே போவார்கள் என்றே இதுவரை இருந்துவிட்டார்.

அக்கா படியில் ஏறி, கூடையை மடியில் வைத்து உட்கார்ந்து, ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"அட்டைக்கு நான் வருவேன்" என்றார். "சோளத்துக்கு நீங்க வாங்க."